எங்கள் தெருவையும் கணக்கில் எடுங்கள்: டிராய்க்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சேலம் மாவட்டம் இளம்பிள்ளை பக்கம், வீட்டிலிருந்தே சேலை விற்பவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். எங்களில் சிலருக்குச் சொந்தத் தறி உண்டு. பலர் தறிக்காரர்களிடமும் மொத்தக் கடைகளிலும் சரக்கு எடுத்து, வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு விற்கிறோம். கொஞ்சம் வளர்ந்தவர்கள் அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ என்று ஆன்லைன் சந்தைகளிலும் கணக்கு வைத்திருக்கிறார்கள். மெயின் ரோட்டில் கடை பிடிக்க அட்வான்ஸ் கொடுக்க வழியில்லாதவர்கள்தான் பெரும்பாலும். எங்களுக்குக் கடைவாசல் என்பது ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் மோடம்தான்.

எங்கள் தெருக்களில் அந்த இணைப்பைக் கொடுப்பது ஏறக்குறைய ஒரே நிறுவனம். பெயரை எழுதவில்லை. எழுதினால் இது ஒரு கம்பெனி மீதான இன்னொரு புகாராகச் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட புகார்களை அனுப்ப வேண்டிய இடங்களுக்கெல்லாம் ஏற்கெனவே அனுப்பியாயிற்று. இப்போது பேச வந்தது உங்கள் விதியைப் பற்றி. எங்கள் கஷ்டம் உங்கள் கணக்கில் ஏறாத மாதிரிதான் அந்த விதி எழுதப்பட்டிருக்கிறது என்பது எங்கள் வாதம்.

2024 ஆகஸ்ட் 2ஆம் தேதி சேவைத் தரம் குறித்த புதிய ஒழுங்குமுறையை வெளியிட்டீர்கள். அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நெட் நின்றுபோனால் இழப்பீடு உண்டு என்று செய்தி வந்தபோது எங்கள் விற்பனையாளர் குழுவில் அன்று முழுக்க அதுதான் பேச்சு. அப்புறம் ஒருவர் முழு விவரத்தையும் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னார். ஒரு மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கியிருக்க வேண்டும். அப்படி முடங்கினால், ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் இல்லாமலிருந்தது ஒரு முழு நாளாக எண்ணப்படும். மாதக் கட்டணக்காரருக்கு அந்த நாள் வாடகை அடுத்த பில்லில் கழியும். முன்கூட்டியே ரீசார்ஜ் செய்தவருக்கு அத்தனை நாள் கூடுதலாகக் கிடைக்கும். இயற்கைப் பேரிடர் என்றால் இது கிடையாது. அதில் எங்களுக்கும் வருத்தமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முக்கியபோது நெட் வரவில்லையே என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை.

ஆனால் அந்த 'மாவட்டம்' என்ற அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏற்காடு மலை, மேட்டூர் அணை, எடப்பாடி, ஆத்தூர், சங்ககிரி எல்லாம் சேர்ந்ததுதான் சேலம் மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படியே 34 லட்சம் பேருக்கு மேல். அந்த அளவுக்குச் சேவை முடங்கி, அதுவும் ஒரு நாளைத் தாண்டினால்தான், உங்கள் புத்தகத்தில் அது இழப்பீட்டுக்குரிய முடக்கம். முடக்கத்தை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் நீங்கள் போட்ட உத்தரவும் மாவட்டம் அல்லது மாநிலம் முழுக்க 4 மணி நேரத்துக்கு மேல் நின்றால்தான் என்கிறது. தனி வீட்டின் கம்பிவழி இணைப்பில் பழுது என்றால் அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. அதிலும் பழுதைச் சரிசெய்ய மூன்று நாளைத் தாண்டிய பிறகுதான் இழப்பீட்டுப் பேச்சே வருகிறது.

எங்களுக்கு நெட் போவது இப்படி இல்லை. சாக்கடை தோண்ட வரும் ஜேசிபி ஒரு இழு இழுக்கும். ஃபைபர் போய்விடும். மோடத்தில் சிவப்பு விளக்கு. நாற்பது, ஐம்பது வீடு இருட்டு. அல்லது கம்பத்தில் தொங்கும் ஒயரில் லாரி உரசிவிட்டுப் போகும். அல்லது எதுவுமே நடக்காமல், நிறுவனமே ஏதோ பராமரிப்பு என்று மத்தியானம் இரண்டு மணிக்கு நிறுத்தி ராத்திரி ஒன்பதுக்குக் கொடுக்கும். ஐந்து மணி நேரம், ஏழு மணி நேரம். அடுத்த வாரம் இன்னொரு தெரு. மாதத்தில் இப்படி நான்கு தடவை நடந்தாலும் உங்கள் கணக்கில் அது பூஜ்யம்தான். காலாண்டு அறிக்கையில் எங்கள் மாவட்டம் சுத்தமாக இருக்கும். நிறுவனமும் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை. எங்கள் தெரு மட்டும் அந்தத் தாளில் இல்லை.

அந்த ஐந்து மணி நேரத்தில் நிறுவனத்தோடு பேச முயல்வது தனிக் கதை. ஆப்பைத் திறந்தால் 'உங்கள் இணைப்பு நன்றாக உள்ளது' என்கிறது. மோடத்தில் சிவப்பு எரியும்போதே! சாட்டில் வருவது மனிதரா இயந்திரமா என்று தெரியாது. மோடத்தை அணைத்துப் போடச் சொல்லும். போட்டோம். மறுபடியும் போடச் சொல்லும். கஸ்டமர் கேருக்கு அடித்தால் மொழியைத் தேர்ந்தெடுத்து, எண்ணை அழுத்தி, இன்னொரு எண்ணை அழுத்தி, கடைசியில் பழையபடி முதல் இடத்துக்கே கொண்டுவந்து விடுவார்கள். ஒருவழியாகப் புகார் எண் வாங்கினால், ஒரு மணி நேரத்தில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வருகிறது. சிவப்பு விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருக்கும். திரும்பக் கூப்பிட்டால் புதிய புகார் எண். ஆக ஒரே பழுது அவர்கள் கணக்கில் மூன்று புகாராகவும், மூன்றும் குறித்த நேரத்தில் தீர்க்கப்பட்டதாகவும் ஏறுகிறது. உங்கள் அளவுகோலில் அது நல்ல மதிப்பெண்ணாகக்கூட இருக்கலாம்!

இதில் லைன்மேன் தம்பிகளைக் குறை சொல்ல மாட்டோம். கம்பெனிச் சட்டை போட்டிருந்தாலும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் ஆட்கள். ஒருவர் தலையில் பத்துப் பதினைந்து தெரு. வேலை முடியும் முன்பே, "அக்கா, ஓடிபி சொல்லிடுங்க, இல்லேன்னா எனக்கு மைனஸ் ஆயிடும்" என்று கேட்பார்கள். நாங்களும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பையனின் கூலியில் கைவைக்க யாருக்கு மனசு வரும்? நேரக்கெடுவை நீங்கள் நிறுவனத்துக்கு வைக்கிறீர்கள். அது ஒப்பந்தக்காரருக்கு இறங்கி, கடைசியில் ஏணியில் நிற்பவர் கழுத்தில் விழுகிறது. ஒயரை ஒட்டுவதைவிட டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, மூடுவது சீக்கிரம் முடியும் வேலை என்று ஆகிவிட்டது.

சரி, ஐந்து மணி நேரம் நெட் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். வீட்டில் படம் பார்ப்பவருக்கு ஒன்றும் இல்லை. எங்களுக்கு என்ன ஆகிறது என்று சொல்கிறேன். கூரியர் வண்டி வருவது சாயங்காலம். அதற்குள் அன்றைய ஆர்டர்களை எடுத்து, லேபிளும் பில்லும் இறக்கி, பிரிண்ட் போட்டு, ஒட்டி, அனுப்பத் தயார் என்று தளத்தில் பதிய வேண்டும். நெட் இல்லையென்றால் லேபிள் இல்லை. லேபிள் இல்லாத பார்சலை எடுக்க மாட்டார்கள். அமேசான் வைத்திருக்கும் அளவுகோலில் தாமதமாக அனுப்பியது 4 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், விற்பவராக ரத்து செய்தது 2.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நாளுக்கு ஆயிரம் பார்சல் போகும் பெரிய கம்பெனிக்கு ஒரு சாயங்காலம் தவறினால் சமாளித்துவிடும். ஐம்பது பார்சல் போகும் எங்களுக்கு இரண்டு தாமதமானாலே 4 சதவீதம் வந்துவிடுகிறது. எல்லை தாண்டினால் கணக்கையே நிறுத்திவைக்கலாம். மேல்முறையீட்டில் 'எங்கள் தெருவில் நெட் இல்லை' என்று எழுதினால் ஆதாரம் கேட்பார்கள். எங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் நிறுவனம் அனுப்பிய எஸ்எம்எஸ். அதில்தான் 'தீர்க்கப்பட்டது' என்று இருக்கிறதே.

ரிட்டர்ன் விவகாரம் இன்னும் மோசம். புதுச் சேலை வாங்கி, பழைய சேலையை மடித்துத் திருப்பி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அதனால் பார்சல் கட்டும்போது ஒரு வீடியோ, திரும்பி வந்ததைப் பிரிக்கும்போது ஒரு வீடியோ என்று எடுத்து வைக்கிறோம். ஏமாற்று என்றால் அந்த வீடியோக்களைக் குறித்த நாளுக்குள் தளத்தில் ஏற்றிப் பணம் கேட்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் ஒரே நாளில் பத்து, பன்னிரண்டு ரிட்டர்ன் வந்து நிற்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஏழு மணி நேரம் நெட் போனால் எத்தனை சேலையின் காசு போகும் என்பதை உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஒரு பேச்சுக்கு மாதம் 699 ரூபாய் பிளான் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் வாடகை 23 ரூபாய் சொச்சம். ஒரு சேலையில் நிற்கும் லாபத்துக்குப் பக்கத்தில்கூட அது வராது.

அடுத்து, மேலே ஏற்றும் வேகம். எங்கள் வியாபாரத்தில் இப்போது பாதி லைவில்தான் நடக்கிறது. ராத்திரி எட்டு எட்டரைக்கு லைவ் போடுவோம். சேலையை விரித்துக் காட்டி, முந்தானை, பார்டர், ப்ளவுஸ் என்று சொல்லச் சொல்ல, பார்ப்பவர்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். முதலில் அனுப்புபவருக்குச் சேலை. சிங்கிள் பீஸ் என்றால் சில விநாடிகளில் முடிந்துவிடும். இதற்குத் தேவை இறக்கும் வேகம் இல்லை, ஏற்றும் வேகம். ஐந்து, ஆறு எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) வேகம் நிலையாக மேலே போனால் தெளிவான லைவ் போட்டுவிடலாம். விளம்பரத்தில் 100 என்று போட்டிருக்கிறது, 300 என்று போட்டிருக்கிறது. எது இறங்குவது, எது ஏறுவது என்று சொல்வதில்லை. ஃபைபர் இருக்கும் வீடுகளில் பிரச்சினை குறைவு. 'உங்கள் தெருவில் போர்ட் இல்லை' என்று சொல்லி மொட்டை மாடியில் ஒரு டப்பாவை மாட்டிக் காற்றில் நெட் கொடுக்கிறார்களே, அங்கேதான் சிக்கல். பகலில் வேகம் சோதித்துப் பார்த்தால் அருமையாக இருக்கும். ராத்திரி ஊரே படம் பார்க்கும் நேரத்தில் ஏற்றும் வேகம் படுத்துவிடும். சேலை நிறமே கலங்கித் தெரியும். அரக்கு என்று நினைத்து வாங்கியவர் மெரூன் வந்துவிட்டது என்று திருப்பி அனுப்புவார்.

2023 ஜனவரியில் பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ் என்பதிலிருந்து 2 எம்பிபிஎஸ் என்று மத்திய அரசு உயர்த்தியது. 2021இல் அதைப் பரிந்துரைத்தது நீங்கள்தான். நல்ல காரியம். ஆனால் அந்த 2 என்பதும் இறங்கும் வேகம்தான். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவரை மனதில் வைத்து எழுதிய விளக்கம் அது. வீட்டிலிருந்து ஊருக்குக் காட்டுபவர் அதில் வரவில்லை.

மின்வாரியத்தைத் திட்டாத தமிழன் கிடையாது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் எந்தத் துணைமின் நிலையம், எந்தெந்த ஊர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுகிறார்கள். நாங்களும் அதைப் பார்த்து முந்தின நாள் ராத்திரியே லேபிள் எடுத்து வைத்துவிடுகிறோம். கரண்ட் போகும் நாளில் எங்களுக்கு நஷ்டம் குறைவு. நெட் கம்பெனியிடம் ஒவ்வொரு வாடிக்கையாளரின் செல்போன் எண்ணும் இருக்கிறது. புதுப் பிளான் வந்தால் ஒரே நாளில் மூன்று தடவை சொல்கிறார்கள். நாளை மத்தியானம் நிறுத்தப்போகிறோம் என்று ஒரே ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப மட்டும் கை வருவதில்லை.

மின்வாரியத்தோடு தகராறு என்றால் வட்ட அளவில் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதிலும் தீரவில்லையென்றால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வங்கி என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். இன்ஷூரன்ஸுக்கும் தனியாக ஒருவர். இணையத்துக்கு? உங்கள் 2012ஆம் ஆண்டு விதிப்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையம், பிறகு 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகாரி. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த மேல்முறையீட்டு அதிகாரியும் அதே நிறுவனத்துக்குள்தான் இருக்கிறார். மாமியார் மீது குறை சொல்ல மாமியாரின் அக்காவிடமே போகச் சொன்ன மாதிரி. அதற்கு மேல் உங்களிடம் வந்தால், தனிநபர் புகாரை ஆணையம் விசாரிப்பதில்லை என்று பதில். இது சரியில்லை என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் நீங்கள். 2017 மார்ச்சில் தொலைத்தொடர்புக்கும் ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும் என்று பரிந்துரைத்ததே நீங்கள்தானே! அந்தக் காகிதத்தைத் திரும்ப எடுங்கள். 2023ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் ஆன்லைன் வழியாகத் தகராறு தீர்க்கும் அமைப்புக்கு இடம் வைத்திருக்கிறார்கள். அதை எங்களைப் போன்றவர்கள் தமிழில் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்லி அரசிடம் வற்புறுத்துங்கள்.

கஸ்டமர் கேரில் மனிதர் யாராவது கிடைத்து, வியாபாரம் பாதிக்கிறது என்று சொன்னால் உடனே குரல் மாறிவிடுகிறது. "நீங்க எடுத்திருக்கிறது வீட்டு பிளான் மேடம். அதுல வியாபாரம் பண்ணக் கூடாது. பிசினஸ் பிளானுக்கு மாறுங்க." விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. தையல் மெஷின் வைத்திருக்கும் அம்மா, ஊறுகாய் விற்கும் அக்கா, டியூஷன் எடுக்கும் பையன் என்று எல்லாரும் வீட்டு இணைப்பில்தான் பிழைக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே புரிந்துவைத்திருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது, அவரும் நுகர்வோர்தான். தொலைபேசி நிறுவனங்கள் மீதான புகாரை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16ஆம் தேதி சொல்லிவிட்டது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது. ஆக வழக்குப் போட உரிமை இருக்கிறது. ஆனால் பார்சல் கட்டும் கையை விட்டுவிட்டு, நிறுவனத்தின் வக்கீல் வாய்தா வாங்கும்போதெல்லாம் சேலத்துக்கு பஸ் ஏற யாரால் முடியும்? நுகர்வோர் சட்டம் ஏற்றுக்கொண்ட இந்தச் சுயதொழில்காரரை உங்கள் சேவைத் தர விதியும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வீட்டுப் பிளானில் வியாபாரம் செய்தால் இழப்பீடு கிடையாது என்ற வாசகங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் செல்லாது என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

பிடிக்கவில்லையென்றால் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பது எல்லாரும் சொல்லும் யோசனை. மொபைலில் அது நடக்கும். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம் என்று நீங்கள் செய்துகொடுத்தீர்கள். அதனால் மொபைல்காரர்கள் கொஞ்சமாவது பயப்படுகிறார்கள். வீட்டு இணைப்பில் மாறுவதற்கு இன்னொரு கம்பெனியின் ஒயர் தெருவுக்குள் வர வேண்டும். எங்கள் பக்கம் முன்பு கேபிள் டிவிக்காரர்களே நெட் கொடுத்தார்கள். வேகம் சுமார்தான். ஆனால் ஒயர் அறுந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க முடியும். 2016க்குப் பிறகு இலவச டேட்டா வெள்ளம் வந்ததில் அவர்களில் பலர் மூடிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் பெரிய கம்பெனியின் ஏஜென்டாகிவிட்டார்கள். விலை மலிவாக இருந்தபோது நாங்களும் சந்தோஷமாகத்தான் வாங்கினோம். 2024 ஜூலையில் பெரிய மொபைல் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலையை ஏற்றியபோதுதான் கையைப் பிசைந்தோம். ஃபைபர் போனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுவதுதான் எங்கள் கடைசி வழி. அதற்கும் விலை ஏறிவிட்டது. அதுவும் அதே கம்பெனி சிம் என்றால் சில நேரம் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். டவருக்குப் போவதும் அதே அறுந்த ஃபைபராக இருந்தால் என்ன செய்வது? ஆகவே இன்னொரு கம்பெனி சிம்மையும் சும்மா ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறோம்.

நாட்டின் பிராட்பேண்ட் சந்தாதாரர்களில் 98 சதவீதத்துக்கு மேல் முதல் ஐந்து நிறுவனங்களிடம் இருப்பதாக மாதாமாதம் வெளியிடுவதே நீங்கள்தான். சந்தையில் 30 சதவீதம் வைத்திருந்தால் கணிசமான வலிமை உள்ள நிறுவனம் என்றும் உங்கள் விதிகளில் வருகிறது. அப்படியென்றால் அந்த வலிமைக்கு ஏற்ற கூடுதல் பொறுப்பு எங்கே? நிறுவனங்களின் சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்துக்குப் போங்கள் என்று எங்களை அனுப்பிவிட முடியாது. தொலைத்தொடர்பு விவகாரத்தை முதலில் டிராய் பார்க்கட்டும், அப்புறம்தான் போட்டி ஆணையம் என்று உச்ச நீதிமன்றமே 2018 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. சுற்றிச் சுற்றி உங்கள் வாசலில்தான் வந்து நிற்கிறோம்.

உங்களால் முடியாது என்று சொன்னால் நாங்கள் நம்பப்போவதில்லை. 2016 பிப்ரவரி 8ஆம் தேதி, ஒரு தளத்துக்கு ஒரு விலை, இன்னொரு தளத்துக்கு வேறு விலை என்று டேட்டாவுக்கு வைக்கக் கூடாது என்று உலகின் பெரிய கம்பெனிகளையே எதிர்த்து நின்றீர்கள். அந்த விதி மட்டும் இல்லையென்றால் எங்கள் சேலைப் படம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. விளம்பர எஸ்எம்எஸ் தொல்லைக்காக 2018இல் போட்ட விதியில் எல்லா நிறுவனங்களையும் பிளாக்செயினில், அதாவது யாரும் எளிதில் திருத்த முடியாத கணினி முறையில், பதிவேடு கட்ட வைத்தீர்கள். எங்களைப் போன்ற சிறியவர்கள் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பவே பதிவுக் கட்டணம் கட்டி, வாசகத்துக்கு அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. 2021 மார்ச்சில் அது முழுதாக அமலான அன்று நாடு முழுக்க ஓடிபி வராமல் போய், மறுநாளே ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தீர்களே, அதுவும் நினைவிருக்கிறது. எஸ்எம்எஸ் ஒவ்வொன்றையும் கண்காணிக்க முடிகிறதென்றால் எந்தத் தெருவின் மோடங்கள் எத்தனை மணிக்கு அணைந்தன என்பதையும் கணக்கெடுக்க முடியும். அந்தத் தகவல் ஏற்கெனவே நிறுவனத்தின் கணினியில் விநாடி சுத்தமாக இருக்கிறது. ஒரு பகுதியின் ஃபைபர்கள் சேரும் பெட்டிக்கு எந்த மோடம் உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று எப்போதும் தெரியும். லைன்மேன் செல்போனிலேயே அது தெரிகிறது. எங்களுக்கும் உங்களுக்கும்தான் காட்டுவதில்லை.

அதைக் காட்டச் சொல்வதுதான் எங்கள் முதல் கோரிக்கை. மாவட்டத்தை விட்டுவிட்டு அந்தப் பெட்டியை அலகாக வைத்து முடக்கத்தை எண்ணுங்கள். நான்கு மணி நேரம் தாண்டினால் யாரும் கேட்காமலே பில்லில் கழிவு வர வேண்டும். அன்று அத்தனை மணிமுதல் அத்தனை மணிவரை இந்த இணைப்பு வேலை செய்யவில்லை என்று ஒரு சான்று ஆப்பில் இறக்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். இருபது முப்பது ரூபாய் கழிவைவிட அந்தச் சான்றுதான் எங்களுக்குப் பெரிது. அதைக் காட்டினால் எங்கள் கணக்கு பிழைக்கும். 2024 விதியில் எந்த இடத்தில் சிக்னல் உண்டு என்று நிறுவனங்கள் வரைபடம் போட வேண்டும் என்றீர்கள். அதே மாதிரி எந்தத் தெருவில் இப்போது நெட் இல்லை என்றும் ஒரு வரைபடம் போடச் சொல்லலாமே. திட்டமிட்டு நிறுத்துவதென்றால் ஒரு நாள் முன்னதாகத் தமிழில் ஒரு எஸ்எம்எஸ். புகாரை மூடுவது மோடம் மறுபடி உயிர் பெற்ற பிறகுதான். ஏற்றும் வேகம், அதுவும் ராத்திரி எட்டு மணி வேகம், விளம்பரத்தில் இறக்கும் வேகத்தின் அதே எழுத்தளவில் வர வேண்டும்.

தரம் குறைந்தால் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை அபராதம் என்று வைத்திருக்கிறீர்கள். அந்தப் பணம் அரசுக்குப் போகிறது, எங்கள் தெருவுக்கு வருவதில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு பத்து லட்சம் என்பது ஒரு ஊரின் ஒரு நாள் விளம்பரச் செலவாக இருந்தாலும் இருக்கும். அதைக் கூட்டுவதா குறைப்பதா என்று நாங்கள் சொல்லப்போவதில்லை, அது உங்கள் வேலை.

இதையெல்லாம், விதி போடும் முன் கருத்துக் கேட்டு நீங்கள் வெளியிடும் கலந்தாய்வு அறிக்கைக்கு மறுமொழியாக எழுதி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அந்த அறிக்கைகள் நூறு பக்க ஆங்கிலத்தில் வருகின்றன. நிறுவனங்களுக்குப் பதில் எழுத வக்கீல் பட்டாளம் இருக்கிறது. எங்களில் படித்த பிள்ளைகள் உண்டுதான், ஆனால் அவர்களும் ராத்திரி லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து இந்த விதியைத் திருத்தும்போது யாரும் வந்து பேசக்கூடிய ஒரு திறந்த கலந்துரையாடல் கூட்டத்தைச் சேலத்திலோ திருப்பூரிலோ தமிழில் வையுங்கள். இளம்பிள்ளை சேலைக்காரர்கள் மட்டுமல்ல, பனியன் விற்பவர்கள், பவானி ஜமக்காளம் விற்பவர்கள், கொல்லிமலை மிளகு விற்பவர்கள் எல்லாரும் வருவார்கள். மோடத்தின் படம், மூடப்பட்ட புகார் எண்கள், நிறுத்தப்பட்ட கணக்குகளின் கடிதங்கள் எல்லாவற்றையும் பைல் போட்டுக் கொண்டுவருகிறோம். ஒன்று மட்டும்: கூட்டத்தைக் காலையில் வையுங்கள். மூன்று மணிக்கு மேல் எங்களுக்கு பேக்கிங் இருக்கிறது.

இப்படிக்கு,
இளம்பிள்ளை வட்டாரத்து ஆன்லைன் சேலை விற்பனையாளர்கள் சார்பில் ஒருத்தி